டொறத்தியிடம் சொன்ன வாடகை

விமலநாதனுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் முப்பது வருடமாக ஒரே வீட்டில், ஒரே மூன்றாம் மாடியில் குடியிருக்கிற மனிதரைப் பற்றி இப்படிச் சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் அந்த வீட்டுக்குள் போய் வந்தவர்களுக்குத் தெரியும். போன மாதம் சன்னலோரம் கிடந்த சோபா இந்த மாதம் கதவுக்குப் பக்கத்தில் கிடக்கும். சாப்பாட்டு மேசை வருடத்துக்கு நாலு தரம் இடம் மாறும். ஊபான் ரயிலில் ஏறினால், பெட்டி முழுக்க இருக்கை காலியாக இருந்தாலும் கதவோரம் நின்றுகொண்டுதான் போவார். யாரோ அடுத்த நிறுத்தத்தில் இறங்கு என்று சொல்லப்போகிறார்கள், அதற்குள் ஆயத்தமாக நிற்க வேண்டும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

வேலை இத்தாலியச் சாப்பாட்டுக் கடையின் குசினியில். இருபத்தாறு வருடமாகப் பாஸ்தா அவித்துக் கொட்டியவர், வீட்டில் அதை ஒரு வாய் தொட்டதில்லை. மனைவி புஷ்பராணி பாலர் பள்ளியொன்றைத் துப்புரவாக்கப் போய்வருகிறார். ஒரே மகன் ரஜிதன் ஸ்டுட்கார்ட்டில் எஞ்சினியர். அவன் வளர்ந்த அறை இப்போது இஸ்திரிப் பெட்டியும் அரிசி மூட்டையும் வைக்கிற அறை. வருகிற ஏப்ரலில் விமலநாதனுக்குப் பென்சன். கடிதம் வந்துவிட்டது. மாதம் தொளாயிரத்து நாற்பது யூரோ. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அன்று அவர் சோபாவை இரண்டு தரம் இடம் மாற்றினார்.

ஊர் மாறுகிற கதை அந்த வீட்டுக்குப் புதிதல்ல. முன்பு டொரொன்டோ போவோம் என்றார், தம்பி அங்கே இருக்கிறான். பிறகு லண்டன், மச்சாள் அங்கே. ஒவ்வொரு தரமும் ஆறு மாதம் துள்ளிவிட்டு அடங்கிப்போவார். புஷ்பராணி இதையெல்லாம் காய்ச்சல்போல எடுத்துக்கொள்வார். வரும், நிற்கும், போகும். ஆனால் இந்த முறை வந்தது பினாங்கு. அங்கே தம்பியும் இல்லை, மச்சாளும் இல்லை. யாரும் கூப்பிடவில்லை. அதுதான் விமலநாதனைப் பிடித்து ஆட்டியது. எண்பத்தொன்பதில் கனடா என்று காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் அவரைப் பேர்லினில் இறக்கிவிட்டுக் காணாமல் போனான். அகதி முகாமை அரசாங்கம் தெரிந்தெடுத்தது. குசினியை வயிறு தெரிந்தெடுத்தது. அறுபத்தைந்து வயது வரைக்கும் இதுதான் என் ஊர் என்று அவராக விரல் வைத்துக் காட்டியது ஒன்றுமில்லை. பினாங்கை அவர் தானே கண்டுபிடித்தார்.

கண்டுபிடித்தது யூடியூபில். தாடி வைத்த ஜெர்மன்காரர் ஒருவர், பென்சன் எடுத்துப்போய்க் கடற்கரை ஓரத்தில் குடியிருக்கிறவர், மாதாமாதம் தன் செலவைச் சொல்லுவார். வாடகை இவ்வளவு, கரண்ட் இவ்வளவு, மீன் இவ்வளவு. பின்னால் கோயில் மணி கேட்கும், ஒரு கடைப் பலகையில் தமிழ் எழுத்துத் தெரியும். விமலநாதன் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பேர்லினில் அந்தப் பென்சன் மூச்சு விட மட்டும் காணும். அங்கே அதை வைத்து மனிதன்போல இருக்கலாம். தமிழ்க் கடையில் முருங்கைக்காய் கிலோ பன்னிரண்டு யூரோ என்று கேட்டுவிட்டு, எடுத்ததைத் திருப்பி வைத்துவிட்டு வந்த ஒரு சனிக்கிழமை அவர் முடிவெடுத்தார்.

ரஜிதன் தொலைபேசியில் ஒரே வசனம் சொன்னான். “அப்பா, உங்களுக்கு விசர் பிடிச்சிட்டுது.”

புஷ்பராணி அதைவிடக் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். “நீங்கள் எங்க போனாலும் நான் வாறன். ஆனா முருங்கைக்காய் விலைக்காக நாடு மாறின ஆக்களை நான் கேள்விப்படேல்லை.”

பினாங்கில் வீடு தேடுகிறவர்களுக்கென்று இருந்த முகநூல் குழுவொன்றில்தான் டொறத்தி அகப்பட்டார். ஜெலுத்தோங் என்ற இடத்தில் நாலாம் மாடி, இரண்டு அறை, எழுநூறு வெள்ளி வாடகை, தமிழ் பேசுகிறவர்களென்றால் விசேசம் என்று எழுதியிருந்தார். ரிங்கிட்டை அந்த ஊர்த் தமிழர் வெள்ளி என்கிறார்கள். எழுநூறு வெள்ளி நூற்றைம்பது யூரோவுக்குக் கிட்ட வரும். டொறத்தி பள்ளிக்கூடமொன்றில் கிளார்க், கணவர் இல்லை, ஒரு மகள். வீடு செத்துப்போன தாயாருடையது. விமலநாதன் வேலைக்குப் போகுமுன் காலை ஏழு மணிக்கு அழைப்பார். அங்கே மதியம் திரும்பியிருக்கும், டொறத்தி சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டிருப்பார்.

“தங்கச்சி, இண்டைக்கு மீன் என்ன விலை போகுது?”

“பதினாலு வெள்ளிண்ணே. சின்ன மீன்னா பத்துக்கே குடுப்பான்.”

“கத்தரிக்காய்?”

“நான் வாங்கல. பின்னாடி நம்ம வீட்டுச் செடியிலேயே காய்க்குது.”

ஒவ்வொரு நாளும் இப்படி. ரொட்டி சானாய் ஒன்றரை வெள்ளி, பால் தேநீர் இரண்டு வெள்ளி, ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு வெள்ளி. ஆஸ்பத்திரி விலையைக் கேட்டு அவர் கண் கலங்கினார். குசினிச் சுவரில் ஒரு தாளை ஒட்டி எல்லாவற்றையும் யூரோவாக மாற்றி எழுதினார். பேர்லினில் இருந்துகொண்டே பினாங்குச் சந்தையில் சாமான் வாங்குகிற ஒரே மனிதர் அவர்தான் என்று புஷ்பராணி பகிடி பண்ணுவார்.

அதே நேரத்தில் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. கட்டடம் போன வருடம் கை மாறியிருந்தது. தொண்ணூற்றாறில் எழுதிய வாடகை ஒப்பந்தத்தில் விமலநாதன் குந்தியிருக்கிறார், மாதம் ஐந்நூற்று எண்பது யூரோ. மேல் மாடியில் அதே அளவு வீட்டுக்குப் புதிதாக வந்த பெடியன் ஆயிரத்து நானூறு கட்டுகிறான். இவரை எழும்பு என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை. அதனால் எழும்பினால் காசு தருகிறோம் என்றார்கள். முப்பதாயிரம் யூரோ. நவம்பர் நடுப்பகுதிக்குள் கையெழுத்து, மார்ச்சில் வீட்டைக் காலி பண்ணித் திறப்பைக் கொடுத்துவிட வேண்டும். கடிதத்தைப் படித்ததும் விமலநாதனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தெருவில் இறங்கி இரண்டு மணித்தியாலம் நடந்தார். பென்சனும் முப்பதாயிரமும் பினாங்கும். இதற்குமேல் கடவுள் நேரில் வந்து டிக்கட் எடுத்துத் தரவேண்டியதில்லை என்று நினைத்தார்.

இடையில் நடந்த ஒரு சின்னப் பேச்சை அவர் மறந்தே போனார். யூலையில் ஒருநாள் டொறத்தி கேட்டார்.

“அண்ணே, நான்தான் எப்பவும் வெல சொல்றேன். அங்க பெர்லின்ல வீட்டு வாடகை எவ்வளவு?”

விமலநாதனுக்கு இந்த ஒரு விசயத்தில்தான் தலை நிமிரும். பேர்லினில் பழைய ஒப்பந்தம் வைத்திருக்கிறவன் அதைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும். படித்தவன், படிக்காதவன், வெள்ளைக்காரன், நம்மவன், எல்லாரும் இதில் ஒன்று.

“மூண்டு அறை, பல்கனி, மூண்டாம் மாடி. ஐந்நூற்றி எண்பது யூரோ தங்கச்சி. முழு வீடும்.”

“பரவால்லையே. நான் ரொம்ப அதிகம்னு நெனச்சேன்.”

“இருக்கத் தெரிஞ்ச ஆக்களுக்கு இஞ்சயும் இருக்கலாம்” என்றார். ஒரு சொல் பொய் இல்லை. அது தொண்ணூற்றாறாம் ஆண்டின் விலை என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பெருமையில் பாதி போய்விடும்.

செப்டம்பர் கடைசியில் டொறத்தியின் மகள் ஜெசிந்தா பேர்லினில் வந்து இறங்கினாள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. அறை கிடைக்கும்வரை இரண்டு கிழமை இவர்கள் வீட்டில் இருக்கட்டும் என்று டொறத்தி கேட்க, விமலநாதன் ஓம் என்றார். தனக்கு வீடு தரப்போகிறவருக்கு இதுகூடச் செய்யாமலா? அரிசி மூட்டையை வெளியே இழுத்துப் போட்டு ரஜிதனின் கட்டிலை விரித்தார்கள். அமைதியான பிள்ளை. சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைப்பாள், புஷ்பராணியை ஆன்ட்டி என்பாள், குளிருக்கு இரண்டு காலுறை போட்டுக்கொண்டு உலாவுவாள்.

இரண்டு கிழமை ஐந்து கிழமையானது. நூற்று இருபது பேருக்கு எழுதினாள், ஒன்பது பேர் பதில் போட்டார்கள். அதில் ஒன்று நகரின் வெடிங் பகுதியில், ஒரு பகிர்வு வீட்டில் ஓர் அறை. பார்க்கக் கூப்பிட்ட அன்று வேலை ஓய்வுநாள், மழை. பிள்ளை தனியாகப் போக வேண்டாம் என்று விமலநாதனும் கூடப் போனார். ஐந்தாம் மாடியிலிருந்து கீழ்ப் படிவரை வரிசை நின்றது. எல்லார் கையிலும் கோப்பு, சம்பளச் சீட்டு, தாய்தகப்பனின் உத்தரவாதக் கடிதம். தன்னைச் சோபாவோடு சேர்த்துக் காட்டும் படம் ஒட்டிய தாளைக்கூட ஒரு பெண் கொண்டுவந்திருந்தாள். முப்பது வருடமாக வீடு தேடாத விமலநாதன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

“அறை எவ்வளவாம் பிள்ளை?”

“அறுநூத்தித் தொண்ணூறு அங்கிள். பதினோரு சதுர மீட்டர்.”

“அறைக்கு மட்டுமோ?”

“ரூமுக்குத்தான்.” அவள் படியைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். “அம்மா ரூமுக்கு இருநூறுன்னு கணக்குப் போட்டிருக்காங்க.”

“இருநூறோ? ஆர் சொன்னது?”

“நீங்க சொன்னீங்களாம். மூணு ரூம் ஐந்நூத்தி எண்பதுன்னு. அம்மா அத மூணா வகுத்துட்டாங்க.”

 அவள் குற்றமாகச் சொல்லவில்லை, அதுதான் விமலநாதனை இன்னும் சுட்டது. மற்றதையும் அவளே சொன்னாள். விசாவுக்காக ஒரு வருடத்துக் காசை முன்கூட்டியே வங்கியில் போட வேண்டும், மாதம் கிட்டத்தட்ட ஆயிரம் அதிலிருந்து கைக்கு வரும். அந்தக் காசு முழுவதும் டொறத்தி கடன் எடுத்தது. வாடகை இருநூறு, சாப்பாடும் காப்புறுதியும் நானூறு, மிச்சம் நானூறை மாதாமாதம் திருப்பி அனுப்பிக் கடனைக் கட்டுவதென்று தாயும் மகளும் பேசி வைத்திருந்தார்கள். இருநூறு என்ற அந்த ஒரு எண்ணின் மேல்தான் மற்றதெல்லாம் நின்றது. படியில் ஒரு மணித்தியாலம் நின்று, உள்ளே ஏழு நிமிடம் கதைத்து, பிறகு எழுதுகிறோம் என்ற பதிலோடு இருவரும் திரும்பினார்கள்.

வீட்டுக்கு வந்து புஷ்பராணியிடம் சொன்னார். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“பெருமைக்குச் சொன்னியள்” என்றார். “இப்ப அந்தப் பெருமைக்குள்ள ஒரு பிள்ளை வந்து இருக்குது.”

அடுத்த நாட்களில் விமலநாதன் வெந்நீரைக் காலில் ஊற்றிக்கொண்டவர்போல அலைந்தார். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றவர்களையெல்லாம் கேட்டார். தமிழ்க் கடைகளில் கேட்டார். ஒருவர் அறுநூற்றைம்பது என்றார். இன்னொருவர் நானூறுக்குக் கட்டில் ஒன்று தரலாம் என்றார், அறை அல்ல, கட்டில். இருநூறு என்று இவர் சொன்னதும் ஒருவர் சிரித்தே விட்டார். “அண்ணை, நீங்கள் எந்த வருசத்தில நிக்கிறியள்?”

தொண்ணூற்றாறில், என்று அவருக்குள் ஒரு பதில் வந்தது. ஊருக்கென்று ஒரு விலை இல்லை, வந்த வருடத்துக்குத்தான் விலை என்பது அன்றுதான் அவருக்கு உறைத்தது. உறைத்ததும் இன்னொன்றும் கூடவே வந்தது. மறுநாள் டொறத்தியிடம் கேட்டார்.

“தங்கச்சி, ஆஸ்பத்திரிக்கு ஒரு வெள்ளி எண்டீங்கள். அது வெளிநாட்டு ஆக்களுக்கும் அதுதானோ?”

“தெரியலையேண்ணே. எங்களுக்கு அதுதான்.”

அவரும் பொய் சொல்லவில்லை. அவர் தன் வீட்டுக் கத்தரிச் செடியிலிருந்து விலை சொன்னார், இவர் தன் ஒப்பந்தத்திலிருந்து சொன்னார். விமலநாதன் தாளை எடுத்து எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கிப் பார்த்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விசாவுக்காக நாட்டை விட்டு வெளியே போய் வருகிற செலவையும் சேர்த்தார். அப்படியும், அந்த முப்பதாயிரத்தோடு, கணக்கு முட்டிமோதிக்கொண்டு நின்றது. போகலாம். அதுதான் அவருக்கு வேதனை. கணக்கு விழுந்திருந்தால் பேசாமல் இருந்திருப்பார்.

உண்மையைச் சொல்லிவிட நினைத்து மூன்று காலைகள் அழைத்தார். முதல்நாள் மீன் விலை கேட்டார். இரண்டாம் நாள் மழை பெய்கிறதா என்று கேட்டார். மூன்றாம் நாள் அவர் வாய் திறக்குமுன் டொறத்தியே சொன்னார்.

“மொத மாசம் நானூறு வந்துருச்சுண்ணே. கடன்காரங்க மூஞ்சிய இப்பத்தான் நேராப் பாக்கறேன். நீங்க அன்னைக்கு அந்த வாடகையச் சொல்லலன்னா நான் பிள்ளைய அனுப்பியிருக்கவே மாட்டேன்.”

விமலநாதன் ஓம் தங்கச்சி, ஓம் என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த நானூறு எப்படி வந்ததென்று அவருக்குத் தெரியும். பிள்ளை இவர்கள் வீட்டில் வாடகை இல்லாமல் இருந்து மிச்சம் பிடித்த காசு.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை Termin, கையெழுத்துக்கென்று குறித்த நேரம். வீட்டுக்காரரின் ஆள் இரண்டு பிரதியும் ஒரு பேனாவும் கொண்டு வந்தார். நல்ல மனிதர், கதவடியில் சப்பாத்தைக்கூடக் கழற்றினார். புஷ்பராணி தேநீர் வைத்துவிட்டு எதிரே இருந்தார். ஒப்பந்தத்தில் அவருடைய பெயரும் உண்டு. நீங்கள் போட்டால் நானும் போடுவேன் என்று முதல்நாளே சொல்லியிருந்தார்.  விமலநாதன் பேனாவை எடுத்தார். தாளில் முப்பதாயிரம் என்று எண்ணிலும் எழுத்திலும் போட்டிருந்தது.

“நாங்கள் போன பிறகு இந்த வீட்டை என்ன வாடகைக்குக் குடுப்பீர்கள்?” என்று ஜெர்மனில் கேட்டார்.

வந்தவர் மறைக்கவில்லை. குளியலறையைத் திருத்தி, தரையை மாற்றி, ஆயிரத்து ஐந்நூறு வரும் என்றார்.

விமலநாதன் ரஜிதனின் அறைக் கதவைப் பார்த்தார். பூட்டிக் கிடந்தது, பிள்ளை வகுப்புக்குப் போயிருந்தாள். ஐந்நூற்று எண்பது என்ற விலை இந்த ஊரில் எங்கேயும் இல்லை. அவர் இந்தக் கதிரையில் இருக்கும்வரைதான் அது இருக்கிறது. அவர் எழும்பினால் அந்த நொடியே அது பொய்யாகிவிடும், டொறத்தியிடம் சொன்ன சொல்லும் பொய்யாகிவிடும்.  பினாங்கு, பினாங்கு என்று உள்ளே ஏதோ சின்னப் பிள்ளைபோல அடம் பிடித்தது. இப்போது விட்டால் இனி எந்த ஊரையும் தெரிந்தெடுக்கிற வயது வராது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

பேனாவை மூடிக் கொடுத்தார். நாங்கள் போகவில்லை என்றார். வந்தவர் தொகையைக் கூட்டலாமா என்று கேட்டுப் பார்க்கிறேன் என்றார். வேண்டாம் என்றார் விமலநாதன். வந்தவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார். பிறகு புஷ்பராணி எழுந்து தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு டொறத்தியே அழைத்தார். குரலில் தயக்கம்.

“அண்ணே, ஜெசிந்தாவுக்கு ரூம் கெடச்சிருச்சா? உங்களுக்கு எவ்வளவு நாள்தான் தொந்தரவு குடுக்கறது.”

“கிடைச்சிட்டுது தங்கச்சி. எங்கட மகன்ரை அறைதான். அவன் இனி வரமாட்டான். மாதம் இருநூறு.”

“அதுதான் அங்க வெலயாண்ணே? எங்களுக்காகக் கொறைக்காதீங்க.”

“ஓம், இஞ்ச அதுதான் விலை.”

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. பிறகு டொறத்தி சுதாரித்துக்கொண்டு கேட்டார்.

“அப்ப நீங்க எப்பண்ணே வர்றீங்க? ஒரு டீச்சர் வீட்ட கேட்டுக்கிட்டே இருக்கா. உங்களுக்குன்னு நான் குடுக்காம வச்சிருக்கேன்.”

“குடுங்கோ.”

“இல்லண்ணே, நீங்க வர்றதா இருந்தா...”

“டீச்சருக்கே குடுங்கோ தங்கச்சி.”

தொலைபேசியை வைத்துவிட்டு அவர் சன்னலடியில் நின்றார். அழ வேண்டும்போல இருந்தது, அழவில்லை. புஷ்பராணி வேலைக்குப் போக மேலங்கியைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார்.

“என்னவாம் அவ?”

“ஒண்டுமில்லை.” விமலநாதன் திரும்பினார். “அங்க மீன் விலை ஏறிப்போச்சாம்.”

புஷ்பராணி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மேலங்கியின் கடைசிப் பொத்தானைப் பூட்டினார்.

“ஓம்” என்றார். “அந்த விலைக்கு எங்களுக்குக் கட்டாது.”